கடவுச்சொல்லைக் கேட்காமலே நின்றுபோன உபுண்டு

கேள்வி: என் லேப்டாப்பில் உபுண்டு 22.04 ஓடுகிறது. 20.04 இருந்த காலத்தில் டிஸ்க் முழுவதையும் என்கிரிப்ட் செய்து நிறுவி, பிறகு 22.04-க்கு மாற்றியது. நேற்று அப்டேட் நடக்கும்போது ஏதோ பிழை என்று ஒரு சின்னப் பெட்டி வந்தது. மூடிவிட்டேன். ரீஸ்டார்ட் செய்தால், டிஸ்கைத் திறக்கும் கடவுச்சொல்லைக் கேட்கவே இல்லை. கறுப்புத் திரை நிறைய எழுத்துகள். கடைசி வரியில் ‘கெர்னல் பேனிக்... அனேபிள் டு மவுண்ட் ரூட் எஃப்எஸ் ஆன் அன்நோன்-பிளாக்(0,0)’ என்று இருக்கிறது. கேப்ஸ் லாக் விளக்கு மின்னிக்கொண்டே இருக்கிறது. டிஸ்க் போய்விட்டது என்கிறார் ஒரு நண்பர். புதிதாக நிறுவிவிடு, ஒரு மணி நேர வேலை என்கிறார் இன்னொருவர். ஆய்வேட்டுக்காகச் செய்த வேலை எல்லாம் உள்ளே இருக்கிறது. கடைசி பேக்கப் மூன்று மாதம் பழையது. என்ன செய்யட்டும்? இனிமேல் தானாக அப்டேட் ஆவதை நிறுத்தி வைக்கலாமா?

பதில்: முதலில் ஒன்று: புதிதாக நிறுவ வேண்டாம். என்கிரிப்ட் செய்த டிஸ்கின் சாவிகள் அந்தப் பார்ட்டிஷனின் தொடக்கத்தில் ஒரு சிறு பகுதியில் இருக்கின்றன. லினக்ஸின் டிஸ்க் என்கிரிப்ஷன் முறையான லக்ஸின் இரண்டாம் வடிவத்தில் அது வழக்கமாக 16 எம்பி. நிறுவி அதன்மேல் எழுதிவிட்டால், உங்களுக்குக் கடவுச்சொல் மனப்பாடமாகத் தெரிந்திருந்தும் பயனில்லை. உள்ளே உள்ளதை யாராலும் மீட்க முடியாது. நண்பர் சொன்ன அந்த ஒரு மணி நேர வேலை ஆய்வேட்டைக் கொண்டுபோய்விடும்.

டிஸ்க் போய்விட்டது என்பதற்கும் நீங்கள் எழுதியதில் அறிகுறி இல்லை. உங்கள் கடிதத்திலேயே இரண்டு தடயங்கள் இருக்கின்றன, இரண்டும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன.

முதல் தடயம், கடவுச்சொல் கேட்காதது. கணினியை இயக்கியதும் அதன் சிப்பில் பதிந்திருக்கும் ஃபர்ம்வேர், இயங்குதளத்தை ஏற்றிவிடும் கிரப் என்ற சிறு நிரலை எழுப்புகிறது. கிரப், /பூட் பார்ட்டிஷனிலிருந்து இரண்டு கோப்புகளை நினைவகத்தில் ஏற்றுகிறது. ஒன்று கெர்னல், இயங்குதளத்தின் மையப் பகுதி. மற்றொன்று இனிட்ராம்எஃப்எஸ் எனப்படும் சுருக்கப்பட்ட ஒரு மூட்டை. டிஸ்க் டிரைவர்கள், என்கிரிப்ஷனைத் திறக்கும் கருவி, டிஸ்க் இடத்தைப் பகுதிகளாகப் பிரித்துத் தரும் எல்விஎம்மை இயக்கும் கருவி எல்லாம் அந்த மூட்டைக்குள்தான் இருக்கின்றன. உங்களிடம் கடவுச்சொல்லைக் கேட்பது கெர்னல் அல்ல, அந்த மூட்டைக்குள் இருக்கும் ஒரு நிரல். கேள்வியே வரவில்லை என்றால் மூட்டை வந்து சேரவில்லை.

இரண்டாம் தடயம், (0,0). அடைப்புக்குறிக்குள் இருப்பவை சாதன எண்கள். சாட்டா டிஸ்க் என்றால் முதல் எண் 8 ஆக இருக்கும், என்விஎம்இ பார்ட்டிஷன் என்றால் 259. அப்படி ஓர் எண் இருந்தால், ‘டிஸ்க் தெரிகிறது, அதிலுள்ள கோப்பு முறைமையைத் திறக்க முடியவில்லை’ என்று பொருள். அப்போது கவலைப்பட வேறு காரணங்கள் உண்டு. (0,0) என்றால், தன்னிடம் சொல்லப்பட்ட ரூட், அதாவது உபுண்டு இருக்கும் முதன்மைப் பகுதி, எந்தச் சாதனம் என்றே கெர்னலுக்குத் தெரியவில்லை. பேனிக் வரிக்குச் சற்று மேலே, ரூட் சாதனத்தைத் திறக்க முடியவில்லை என்று ‘மேப்பர்/விஜிஉபுண்டு-ரூட்’ என்ற பெயரோடு ஒரு வரி இருக்கும், பாருங்கள். மூட்டை இல்லாத கெர்னலுக்கு அந்தப் பெயர் வெறும் சொல்தான். என்கிரிப்ஷனைத் திறந்து எல்விஎம்மை எழுப்பிய பிறகுதான் அந்தச் சாதனமே பிறக்கும்.

மூட்டை ஏன் இல்லை? நீங்கள் மூடிவிட்ட அந்தச் சின்னப் பெட்டிதான் பதில். 20.04 நிறுவி, என்கிரிப்ஷன் கேட்டால் என்கிரிப்ட் ஆகாத தனி /பூட் பார்ட்டிஷனை 700 எம்பி அளவில் அமைத்தது. அன்றைக்கு அது தாராளம். இப்போது கணக்குப் போடுங்கள்: ஒரு கெர்னல் கோப்பு ஏறக்குறைய 15 எம்பி, அதன் துணைக்கோப்பு சிஸ்டம்.மேப் 8, 9 எம்பி, இனிட்ராம்எஃப்எஸ் 70-இல் தொடங்கி, என்விடியா டிரைவர் இருந்தால் 150 வரை. நான்கு கெர்னல்கள் சேர்ந்தால் இடம் தீர்ந்தது. இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. மூட்டையைப் புதுப்பிக்கும்போது பழையதன்மேல் எழுதுவதில்லை, ‘.நியூ’ என்ற பின்னொட்டோடு அருகிலேயே புதிதாக எழுதி முடித்து, பிறகுதான் பெயர் மாற்றுகிறது. அதாவது கெர்னல்களுக்கான இடம் போக, ஒரு முழு மூட்டைக்கான இடம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும். 90 எம்பி காலியாக இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவரின் 110 எம்பி மூட்டை பாதியில் நிற்கும்.

அப்டேட்டில் கெர்னல் கோப்பு முதலில் இறங்குகிறது. சின்னது, இடம் கிடைத்துவிடும். மூட்டை கட்டும் வேலை பிறகு வருகிறது, அங்கே இடமில்லை, பிழை. அதற்குப் பின் ஏதோ ஒரு வேலை கிரப் பட்டியலைத் திரும்ப எழுதினால், /பூட்டில் இருப்பதை வைத்துப் புதிய கெர்னலை முதல் வரிசையில் போட்டுவிடும், மூட்டை இல்லாமலேயே. அதைத்தான் உங்கள் கணினி ஒவ்வொரு முறையும் எடுத்து விழுகிறது.

இனி வேலைக்கு வருவோம். கட்டளைகளை ஒலிப்பில் தருகிறேன். தட்டும்போது எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்து. ‘டிஎஃப்’, ‘எல்எஸ்’ போல எழுத்தெழுத்தாக ஒலிப்பவற்றை எழுத்தெழுத்தாகவே தட்டுங்கள். சாய்கோடு, இணைகோடு, இடைவெளி எல்லாம் இங்கே உள்ளபடியே.

பேனிக் திரையில் நிற்கும் கணினியைப் பவர் பொத்தானைப் பத்து நொடி அழுத்தி அணைக்கலாம். ரூட் இன்னும் மவுண்ட் ஆகவே இல்லை (இணைக்கப்படவே இல்லை) என்பதால் இதனால் எந்தக் கோப்பும் கெடாது. அணைக்கும் முன் திரையை மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டத்தில் நின்ற பூட்டுக்கு டிஸ்கில் எந்த லாகும் எழுதப்பட்டிருக்காது; பிறகு ஜர்னலில் தேடினாலும் கிடைக்காது. அந்தப் படம்தான் ஒரே பதிவு.

மறுபடி இயக்குங்கள். முந்தைய பூட் முழுமையாக முடியவில்லை என்பது கிரப்புக்குத் தெரிந்தால் பட்டியலைத் தானே 30 நொடி காட்டும். காட்டாவிட்டால், தயாரிப்பாளர் சின்னம் மறைந்த உடனே எஸ்கேப் விசையை ஒரே ஒரு முறை தட்டுங்கள். யூஇஎஃப்ஐ (புதிய வகை ஃபர்ம்வேர்) இல்லாத பழைய கணினி என்றால் ஷிஃப்டை அழுத்திப் பிடிக்க வேண்டும். பதற்றத்தில் எஸ்கேப்பைப் பலமுறை தட்டினால் பட்டியலையும் தாண்டி ‘கிரப்>’ என்ற வெறும் வரியில் போய் நிற்பீர்கள். அங்கே ‘நார்மல்’ என்று தட்டி என்டர் அழுத்தி, உடனே எஸ்கேப்பை ஒரு தட்டு, பட்டியல் வரும்.

பட்டியலில் இரண்டாவதாக ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ இருக்கும். உள்ளே போனால் கெர்னல்கள் புதியது மேலே, பழையது கீழே என்று அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு ரெகவரி மோடு வரியும் உண்டு. அதைத் தொட வேண்டாம், இப்போது தேவையில்லை. முதல் வரியில் இருக்கும் புதிய கெர்னலின்மேல் நின்று ‘இ’ எழுத்து விசையைத் தட்டினால் அதன் கட்டளைகள் தெரியும். ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரி ஒன்று இருக்கும். அதற்குக் கீழே, மூட்டையை ஏற்றும் ‘இனிட்ஆர்டி’ என்று தொடங்கும் வரி இல்லை என்றால், மேலே சொன்னது அத்தனையும் உறுதி. எஸ்கேப் தட்டி வெளியே வந்து, இரண்டாவது கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். கடவுச்சொல் கேட்கும்.

கேட்டு, வழக்கமான திரை வந்துவிட்டால், வேறெதையும் தொடும் முன் ஆய்வேட்டை வெளி டிரைவ் ஒன்றுக்குப் பிரதி எடுங்கள். பழுது பார்ப்பது அதற்குப் பிறகு. வரிசையை மாற்றாதீர்கள்.

பிரதி எடுத்தாயிற்றா? டெர்மினலைத் திறந்து மூன்று கட்டளைகள்:

யூநேம் -ஆர்
டிஎஃப் -எச் /பூட்
எல்எஸ் -எல்எச் /பூட்

முதலாவது, இப்போது எந்தக் கெர்னலில் இருக்கிறீர்கள் என்று சொல்லும். தாளில் குறித்துக்கொள்ளுங்கள், அதை மட்டும் நீக்கவே கூடாது. இரண்டாவது, /பூட் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று சொல்லும். 95 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். மூன்றாவது பட்டியலில், ‘விஎம்லினஸ்’ என்று தொடங்கும் ஒவ்வொரு கெர்னல் கோப்புக்கும் அதே பதிப்பு எண்ணோடு ‘இனிட்ஆர்டி.இமேஜ்’ கோப்பு இருக்கிறதா என்று இணை இணையாகப் பாருங்கள். ‘இமேஜ்’ என்று நான் எழுதுவது அங்கே ஐ, எம், ஜி என்ற மூன்றெழுத்து. துணை இல்லாமல் நிற்கும் விஎம்லினஸ்தான் நம் ஆள். காரணத்தையும் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் /வார்/லாக்/ஆப்ட்/ என்ற இடத்தில் டெர்ம்.லாக் கோப்பின் கடைசிப் பகுதியைப் பாருங்கள். ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்’ என்ற வரி, நேற்றைய தேதியில் இருக்கும்.

உதாரணத்துக்கு, ஓடிக்கொண்டிருப்பது 6.8.0-40, மூட்டை இல்லாமல் நிற்பது 6.8.0-45, அடியில் கிடக்கும் பழசு 6.5.0-45 என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் எண்களைப் பொருத்திக்கொள்ளுங்கள். முழுப் பெயரில் எண்ணுக்குப் பின் ‘-ஜெனரிக்’ என்று வரும்.

இங்கே பெரும்பாலோர் ‘சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ்’ (தேவையற்றவற்றை நிர்வாகி அதிகாரத்தோடு நீக்கு) என்று தொடங்கி மாட்டிக்கொள்கிறார்கள். மென்பொருள் தொகுப்புகளை நிறுவி நீக்கும் ஆப்ட், எதையும் செய்யும் முன் பாதியில் நிற்கும் தொகுப்பைச் சரிசெய்யப் பார்க்கும். சரிசெய்ய மூட்டை கட்ட வேண்டும், கட்ட இடமில்லை, மறுபடி அதே பிழை. இடத்தை உண்டாக்கத்தான் கட்டளை கொடுத்தோம், அதற்கே இடம் கேட்கிறது. ஆப்டை ஒதுக்கிவிட்டு, அதற்கு அடியில் இருக்கும் டிபிகேஜியிடம் நேரடியாகப் பேசுங்கள். பெயர் சொன்னதை அது நீக்கும், மற்றவற்றின் நிலையைப் பற்றி முதலில் தகராறு செய்யாது. எந்தெந்தக் கெர்னல்கள் இருக்கின்றன என்று தெரிந்துகொள்ள:

டிபிகேஜி -எல் 'லினக்ஸ்-இமேஜ்*'

இங்கே ‘இமேஜ்’ ஐந்தெழுத்தும் முழுதாகத் தட்ட வேண்டிய சொல். வரியின் தொடக்கத்தில் ‘ஐஐ’ என்று இருப்பவை நிறுவப்பட்டவை. ‘ஆர்சி’ என்று இருப்பவை ஏற்கெனவே நீக்கப்பட்டவற்றின் எச்சம், இடம் பிடிப்பதில்லை. ‘ஐஎஃப்’ அல்லது ‘ஐயூ’ அல்லது ‘ஐடபிள்யூ’ என்று இருந்தால் பாதியில் நிற்பவை. ‘ஐஐ’ உள்ளவற்றில் மிகப் பழையதை எடுத்து:

சூடோ டிபிகேஜி --பர்ஜ் லினக்ஸ்-இமேஜ்-6.5.0-45-ஜெனரிக் லினக்ஸ்-மாட்யூல்ஸ்-6.5.0-45-ஜெனரிக் லினக்ஸ்-மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ரா-6.5.0-45-ஜெனரிக்

மூன்றையும் ஒரே வரியில் கொடுங்கள். ஒன்றை ஒன்று சார்ந்தவை என்பதால் தனித்தனியாகக் கொடுத்தால் மறுக்கும். அந்தப் பதிப்பின் மூட்டையும் கூடவே போய்விடும். இப்போது டிஎஃப் கட்டளையை மறுபடி ஓட்டிப் பாருங்கள், நூறு எம்பிக்கு மேல் காலியாகியிருக்க வேண்டும். ஓடும் கெர்னலை நீக்கச் சொன்னால் எச்சரிக்கை வரும், ‘நிறுத்தவா’ என்று கேட்கும். அந்த எச்சரிக்கை வந்தாலே எண்ணைத் தப்பாகத் தட்டிவிட்டீர்கள் என்று புரிந்துகொண்டு, நிறுத்துங்கள்.

/பூட்டுக்குள் போய் ‘ஆர்எம்’ கட்டளையால் கோப்புகளைக் கையால் அழிக்கச் சொல்லும் அறிவுரை பல இடங்களில் காணக் கிடைக்கும். ஒரு பைட்டுக்கும் வழியில்லாமல் டிபிகேஜியே தடுமாறினால் மட்டும் அந்த வழி. அப்போதும் மிகப் பழைய கெர்னலின் இனிட்ஆர்டி கோப்பு ஒன்றை மட்டும் வெளி டிரைவுக்கு நகர்த்துங்கள், அழிக்காதீர்கள். கையால் அழித்தது டிபிகேஜிக்குத் தெரியாது. கிரப் பட்டியலில் அந்தக் கெர்னல் நின்றுகொண்டிருக்கும், நாளைக்கு அதைத் தேர்ந்தெடுத்தால் இதே பேனிக்.

இடம் கிடைத்தாயிற்று. நின்ற இடத்திலிருந்து தொடரச் சொல்லுங்கள்:

சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ
சூடோ ஆப்ட் -எஃப் இன்ஸ்டால்

பெரும்பாலும் முதல் கட்டளையிலேயே மூட்டை கட்டப்படுவதைத் திரையில் பார்ப்பீர்கள். பிறகு /பூட்டை மறுபடி பட்டியலிடுங்கள். 6.8.0-45-க்கு இன்னும் இனிட்ஆர்டி வரவில்லை என்றால் நாமே கட்டலாம்:

சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -சி -கே 6.8.0-45-ஜெனரிக்
சூடோ அப்டேட்-கிரப்

‘-சி’ என்பதைக் கவனியுங்கள். பல குறிப்புகளில் ‘-யூ’ என்றிருக்கும். அது ஏற்கெனவே இருக்கும் மூட்டையைப் புதுப்பிக்க மட்டும். இல்லாத மூட்டைக்கு அதைக் கொடுத்தால், அப்படிக் கோப்பு இல்லை என்று ஒரு வரி சொல்லிவிட்டு அமைதியாக வெளியேறும். செய்துவிட்டோம் என்று நினைத்து ரீஸ்டார்ட் செய்தால் பழைய கதை.

ரீஸ்டார்ட்டுக்கு முன் ஒரு சோதனை. இது என்கிரிப்ட் செய்தவர்களுக்குக் கட்டாயம்:

எல்எஸ்இனிட்ராம்எஃப்எஸ் /பூட்/இனிட்ஆர்டி.இமேஜ்-6.8.0-45-ஜெனரிக் | கிரெப் கிரிப்ட்செட்டப்

சில வரிகளாவது வர வேண்டும். ஒன்றும் வரவில்லை என்றால் மூட்டை இருக்கிறது, ஆனால் என்கிரிப்ஷனைத் திறக்கும் கருவி அதற்குள் இல்லை. வரிகள் வந்தால், ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

பழைய கெர்னலும் எழவில்லை, அல்லது பட்டியலில் வேறு கெர்னலே இல்லை என்றால் வழி நீளம், ஆனாலும் வழி உண்டு. வேறொரு கணினியில் 22.04-இன் லைவ் பென் டிரைவ் (நிறுவாமலே இயங்குவது) தயாரித்து, அதிலிருந்து இயக்கி, ‘ட்ரை’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ‘இன்ஸ்டால்’ பக்கம் போக வேண்டாம். டெர்மினலில் ‘எல்எஸ்பிஎல்கே -எஃப்’ என்று கேட்டால் பார்ட்டிஷன்கள் வரும். என்விஎம்இ டிஸ்க் என்றால் வழக்கமாக முதலாவது இஎஃப்ஐ, இரண்டாவது /பூட், மூன்றாவது கிரிப்டோ_லக்ஸ் என்று இருக்கும்.

கவனம் தேவைப்படும் இடம் இதுதான். கோப்பு மேலாளரில் அந்த டிஸ்கின் படத்தைச் சொடுக்கிக் கடவுச்சொல் கொடுத்தால் திறந்துவிடும், ஆனால் ‘லக்ஸ்-’ என்று தொடங்கும் ஒரு நீண்ட பெயரில். கோப்புகளைப் பிரதி எடுக்க அது போதும், இப்போதே எடுத்துவிடுங்கள். மூட்டை கட்ட அது போதாது. உங்கள் கணினியின் /இடிசி/கிரிப்ட்டேப் கோப்பின் முதல் சொல்லாக ஒரு பெயர் இருக்கும், 20.04 நிறுவியின் வழக்கப்படி அது என்விஎம்இ0என்1பி3_கிரிப்ட் போல இருக்கும். திறந்த பெயரும் அந்தப் பெயரும் ஒத்துப்போகாவிட்டால், மூட்டை கட்டும் நிரல் ஓர் எச்சரிக்கையை மட்டும் சொல்லிவிட்டு, என்கிரிப்ஷன் அமைப்பு இல்லாத மூட்டையைக் கட்டிக் கொடுத்துவிடும். ஆகவே கோப்பு மேலாளர் வழியாக உள்ளே போய் அந்தப் பெயரைக் குறித்துக்கொண்டு, எல்லாவற்றையும் மூடி, லைவ் அமர்வை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, டெர்மினலில் மட்டும் திறங்கள்:

சூடோ கிரிப்ட்செட்டப் ஓப்பன் /டெவ்/என்விஎம்இ0என்1பி3 என்விஎம்இ0என்1பி3_கிரிப்ட்
சூடோ விஜிசேஞ்ச் -ஏஒய்
சூடோ மவுண்ட் /டெவ்/மேப்பர்/விஜிஉபுண்டு-ரூட் /எம்என்டி
சூடோ மவுண்ட் /டெவ்/என்விஎம்இ0என்1பி2 /எம்என்டி/பூட்
சூடோ மவுண்ட் /டெவ்/என்விஎம்இ0என்1பி1 /எம்என்டி/பூட்/இஎஃப்ஐ

நான்காவது வரியை மறந்தால் என்ன ஆகும் தெரியுமா? ரூட்டுக்குள்ளும் பூட் என்று ஒரு வெற்று அடைவு இருக்கிறது. மூட்டை அங்கே அழகாகக் கட்டப்படும், இடப் பற்றாக்குறையே இருக்காது, பிழையும் வராது. கிரப் பார்க்கும் உண்மையான பார்ட்டிஷனில் ஒன்றும் மாறியிருக்காது. ‘எல்லாம் சரியாக முடிந்தது, ஆனாலும் அதே பேனிக்’ என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

அடுத்து டெவ், ப்ராக், சிஸ், ரன் என்ற நான்கு அடைவுகளையும் உள்ளே இணைக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ‘சூடோ மவுண்ட் --பைண்ட் /டெவ் /எம்என்டி/டெவ்’ என்ற மாதிரியில் ஒரு வரி. பிறகு ‘சூடோ சிஎச்ரூட் /எம்என்டி’. இனி நீங்கள் உங்கள் சொந்தக் கணினிக்குள் ரூட்டாக, அதாவது முழு அதிகாரமுள்ள நிர்வாகியாக, இருக்கிறீர்கள். மேலே சொன்ன அதே வரிசைதான்: டிஎஃப், பழையதை நீக்குதல், கான்ஃபிகர், மூட்டை, கிரப், சோதனை. சூடோ மட்டும் வேண்டாம். ஒரே எச்சரிக்கை, இங்கே ‘யூநேம் -ஆர்’ சொல்வது லைவ் பென் டிரைவின் கெர்னலை. அதை நம்பி எதையும் நீக்காதீர்கள். முடிந்ததும் ‘எக்ஸிட்’, ரீஸ்டார்ட், பென் டிரைவை உருவுங்கள்.

கேட்காமலே நண்பர்கள் சொல்லக்கூடிய இரண்டு வைத்தியங்கள் வேண்டாம். என்கிரிப்ட் செய்த பார்ட்டிஷன்மேல் நேரடியாக எஃப்எஸ்சிகே என்ற கோப்பு முறைமைச் சோதனைக் கருவியை ஓட்டாதீர்கள். பார்க்க வேண்டியது அதைத் திறந்த பிறகு உள்ளே கிடைக்கும் சாதனத்தை. பூட் கோளாறைத் தானாகச் சரிசெய்யும் கருவிகளும் இங்கே உதவாது. அவை கிரப்பைத் திரும்ப நிறுவும். உங்கள் கிரப் நன்றாகத்தான் இருக்கிறது; /பூட்டின் இடப் பற்றாக்குறையை அவை தொடுவதில்லை.

மறுபடி வராமல் இருக்க: பழைய கெர்னல்கள் ஏன் தேங்கின என்று பாருங்கள். ஓடுவதையும் அண்மையவற்றையும் விட்டுவிட்டு மற்றதை ஆட்டோரிமூவ் தானே எடுத்துவிட வேண்டும். எடுக்காததற்கு வழக்கமான காரணம், கெர்னலைப் பெயர் சொல்லிக் கையால் நிறுவியிருப்பது. அவற்றைக் ‘கைமுறை’ என்று ஆப்ட் குறித்துக்கொள்கிறது, தொடுவதில்லை. ‘ஆப்ட்-மார்க் ஷோமேனுவல் | கிரெப் லினக்ஸ்-இமேஜ்’ என்று கேட்டால் அவை தெரியும். ‘சூடோ ஆப்ட்-மார்க் ஆட்டோ’ என்று தொகுப்பின் பெயரோடு கொடுத்தால் குறி மாறும். பதிப்பு எண் இல்லாத லினக்ஸ்-இமேஜ்-ஜெனரிக் போன்ற பெயர்களை மட்டும் மாற்றாமல் விடுங்கள். புதிய கெர்னலை இழுத்து வருபவை அவை. இன்னொரு காரணம் உங்களுக்குப் பொருந்தலாம்: 20.04-இலிருந்து வந்த கணினியில் 5.15 வரிசைக்கு ஒன்று, புதிய வன்பொருளுக்கான வரிசைக்கு ஒன்று என்று இரண்டு இழுப்புத் தொகுப்புகள் இருக்கும். இரண்டு வரிசையும் தனித்தனியாகப் புதுக் கெர்னலைக் கொண்டுவந்து கொட்டும். ஒன்று போதும்.

மூட்டையின் அளவையும் குறைக்கலாம். /இடிசி/இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ்/ அடைவிலுள்ள இனிட்ராம்எஃப்எஸ்.கான்ஃப் கோப்பில் ‘கம்ப்ரெஸ்’ என்ற வரி இஸட்எஸ்டிடி என்று இருக்கும். அதை எக்ஸ்இஸட் என்று மாற்றினால் கட்ட நேரம் கூடும், அளவு குறையும். அதே கோப்பில் ‘மாட்யூல்ஸ்’ என்பதை ‘மோஸ்ட்’ என்பதிலிருந்து ‘டெப்’ என்று மாற்றினால் இன்னும் சுருங்கும், ஆனால் இந்தக் கணினிக்கு வேண்டிய டிரைவர்கள் மட்டுமே மூட்டையில் இருக்கும். டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் போட்டால் எழாமல் போகலாம். உங்கள் நிலையில் முதலாவது போதும், இரண்டாவதை நான் செய்ய மாட்டேன். /பூட்டைப் பெரிதாக்குவது என்கிரிப்ட் செய்த டிஸ்கில் சிக்கலான வேலை. அடுத்து எப்போதாவது புதிதாக நிறுவும்போது 2 ஜிபி கொடுத்துவிடுங்கள்.

எல்லாம் எழுந்து நின்ற பிறகு, லக்ஸ் தலைப்பகுதியை ஒரு பிரதி எடுத்து வையுங்கள்:

சூடோ கிரிப்ட்செட்டப் லக்ஸ்ஹெடர்பேக்கப் /டெவ்/என்விஎம்இ0என்1பி3 --ஹெடர்-பேக்கப்-ஃபைல் தலைப்பு.பின்

‘லக்ஸ்ஹெடர்பேக்கப்’ மட்டும் விதிவிலக்கு: ஹெடரின் எச்சும் பேக்கப்பின் பியும் பெரிய எழுத்து. கோப்புக்கு உங்கள் விருப்பப்படி ஆங்கிலத்தில் ஒரு பெயர் கொடுங்கள். அதை இதே டிஸ்கில் வைத்துப் பயனில்லை, வெளியே வையுங்கள். பிற்காலத்தில் கடவுச்சொல்லை மாற்றினாலும் இந்தப் பிரதி பழைய கடவுச்சொல்லால் திறக்கும். ஆகவே பத்திரமான இடத்தில்.

இதே நிலையில் வேறு திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் வாசகர்களுக்காகச் சில வரிகள். ‘(இனிட்ராம்எஃப்எஸ்)’ என்ற வரியோடு பிஸிபாக்ஸ் என்ற சிறு கட்டளைத் திரை நின்றால் மூட்டை வந்துவிட்டது, ரூட்டைத்தான் திறக்க முடியவில்லை. எஃப்எஸ்சிகேவைக் கையால் ஓட்டு என்று மேலே சொல்லியிருந்தால் அது சொல்லும் சாதனத்தின் பெயரோடு ஓட்டி, ‘எக்ஸிட்’ கொடுங்கள். தொண்ணூறு நொடி காத்திருந்து எமர்ஜென்சி மோடு வந்தால் /இடிசி/எஃப்எஸ்டேப்பில் இல்லாத டிஸ்க் ஒன்றைக் கேட்கும் வரி இருக்கும். அது கட்டாயமில்லாத டிஸ்க் என்றால் ‘நோஃபெயில்’ சேருங்கள். கடவுச்சொல் கேட்டு, பிறகு கறுப்புத் திரை என்றால் பெரும்பாலும் என்விடியா மாட்யூல் புதிய கெர்னலுக்குக் கட்டப்படவில்லை. கிரப்பில் ‘இ’ தட்டி, லினக்ஸ் வரியின் முடிவில் ‘நோமோட்செட்’ சேர்த்து உள்ளே போய், ‘டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்’ பாருங்கள். ‘கிரப்_காலாக்’ என்ற குறியீடு கிடைக்கவில்லை என்பது 2020 ஜூலையில் பூட்ஹோல் என்ற கிரப் பாதுகாப்பு ஓட்டையை அடைத்த அப்டேட்டோடு பலர் கண்ட பிழை. கிரப் தவறான டிஸ்கில் நிறுவப்பட்டதால் வருவது. விண்டோஸோடு சேர்த்து வைத்திருப்பவர்கள் 2024 ஆகஸ்டில் கண்டது ‘எஸ்பிஏடி செல்ஃப்-செக் ஃபெயில்டு’. அதற்கு, கையொப்பமிட்ட நிரல்களை மட்டும் எழவிடும் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, உள்ளே போய் ‘சூடோ மோக்யூடில் --செட்-எஸ்பாட்-பாலிசி டிலீட்’ கொடுத்து, ஒருமுறை ரீஸ்டார்ட் ஆகி, பிறகு செக்யூர் பூட்டைத் திரும்ப இயக்க வேண்டும். அங்கே ‘எஸ்பாட்’ என்பதும் எஸ், பி, ஏ, டி என்ற நான்கெழுத்துதான். ஆர்ச் என்ற லினக்ஸ் வகையை வைத்திருப்பவர்கள் அப்டேட்டுக்கு முன் /பூட் மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. ஆகாவிட்டால் மாட்யூல்கள் புதிதாகவும் கெர்னல் பழையதாகவும் நின்று, விசைப்பலகைகூட வேலை செய்யாமல் போகலாம்.

கடைசியாக, தானியங்கி அப்டேட்டை நிறுத்தலாமா என்றீர்கள். வேண்டாம். பாதுகாப்புத் திருத்தங்கள் அந்த வழியாகத்தான் வருகின்றன, நேற்றைய பிழைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கையால் அப்டேட் செய்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். மாதம் ஒருமுறை டிஎஃப் கட்டளையை ஓட்டி, /பூட்டில் குறைந்தது 250 எம்பி காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்டேட் நடுவில் பிழைப் பெட்டி வந்தால், மூடும் முன் படித்துவிட்டு, ‘சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ’ பிழையில்லாமல் முடியும்வரை ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் கெர்னல் அணைக்கும்வரை ஓடும், அவசரமில்லை.